சாவியோடு சேர்த்து

காசு சரி, குலநாயகம் சேர். எண்ணிவிட்டேன்.
சாவி இரண்டு.
ஒன்று கதவுக்கு, மற்றது கொக்கிப் பூட்டுக்கு.
குடையை மடக்கிவிட்டு இப்படிக் குனியுங்கள்,
இதைக் காட்டாமல் அனுப்பமாட்டேன்.

இந்தக் குண்டில் கிரீஸ் காயக்கூடாது.
கிண்ணம் அதன்மேல் உட்காரும்போது
டொக்கென்று ஒரு சத்தம் வரும்.
அது கேட்காமல் நான் ஒருநாள் கெப்பை எடுத்தேன்.
உப்புவெளிச் சந்தியில் கண்ணாடியில் பார்த்தால்
வீடு தபாற்கந்தோர் வாசலில் நிற்கிறது,
நான் மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அதற்குத்தான் சங்கிலி.
இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள்.
கழன்றாலும் மூக்கு தார் றோட்டில் குத்தாமல்
அந்தக் குறுக்கில் ஏந்திக்கொள்ளும்.

பாரமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால்:
அரிசி, பற்றறி, உங்கள் மிஸிஸின் தையல் மெஷின்.
தண்ணீர்த் தாங்கி முழுக்க நிரம்பியிருக்க வேண்டும்,
இல்லையென்றால் வெறுமையாக.
அரைவாசித் தண்ணீர்
வளைவுக்கு வளைவு தன்பாட்டில் ஓடித்திரியும்.
பின்னுக்குப் பாரம் ஏற்றிவிட்டு
கச்சான் அடிக்கிற மத்தியானம்
கிண்ணியாப் பாலத்தில் போனால்
வால் ஆடும், பிறகு நீங்களும் ஆடுவீர்கள்.
பிரேக்கை மட்டும் மிதியாதீர்கள்.
காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி
ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.
முப்பது வருசம் வங்கியில் இருந்தவருக்கு
அது வரும்.

சிரிக்கிறீர்கள். நல்லது.
றிவேர்ஸ் எடுக்கையில் ஒருவரும் சிரிப்பதில்லை.
கையை ஸ்டியரிங்கின் அடியில் வையுங்கள்.
வாசல் எந்தப் பக்கம் போகவேண்டுமோ
கையும் அந்தப் பக்கம்.
பின்னால் நின்று 'வா வா, வா வா, ஐயோ' என்கிற ஆளோடுதான்
இரவு நாலடி அகலத்தில் படுக்க வேண்டும்.
ஆகவே கத்தாதீர்கள்.
நானும் டெரன்சும் ஒரு கிழமை பேசாமல் இருந்தோம்.
இதற்குள் பேசாமல் இருக்க இடம் போதாது, சேர்.
தேத்தண்ணிக் கோப்பையை எட்டி எடுத்தாலே
முழங்கை மன்னிப்புக் கேட்டுவிடும்.

நிலாவெளி மணலில் சில்லின்கீழ்
பனம்பலகை போடுங்கள், தருகிறேன்.
கட்டையை அண்டை கொடுத்த பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது,
எவ்வளவு அவசரமென்றாலும்.
வாடை தொடங்கினால் மூக்கைக் கடலுக்குத் திருப்புங்கள்,
கதவு மறுகரைக்கு.
கந்தளாய்ப் பக்கம் இரவு தங்கவேண்டி வந்தால்
அரிசியை உள்ளே வைக்காதீர்கள்.
ஆனை ஜன்னலைத் தட்டிக் கேட்காது.

கிராம சேவகர் முகவரி கேட்பார்.
பொலிஸ்காரர் லைசென்ஸ் கேட்பார்.
ஒருவருக்கு இது வாகனம் என்றும்
மற்றவருக்கு வீடு என்றும் சொன்னோம்.
எவரிடம் எதைச் சொன்னோம் என்பதுதான்
இடைக்கிடை மறந்துபோகும்.

டவுனுக்குள் நிறுத்தினால் காலையில் மான்கள் வரும்.
இழுவைக் கம்பியில் படிந்த உப்பை நக்கும்.
துரத்த வேண்டாம்.
கழுவுகிற வேலை அரைவாசி குறையும்.

இன்னொன்று.
சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.
இடப்பக்கத்துச் சில்லு.
போன ஆடியில் குளக்கட்டுக்கு அருகே புகைத்தது.
குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றி அணைத்து
விடியும்வரை நாக்கு வறள இருந்தோம்.
பெயாரிங் மாற்றியாயிற்று, பில் இருக்கிறது.
ஆனாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.
இந்தாருங்கள், இதில் பதினையாயிரம்.
இல்லை, பிடியுங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறமாதிரி
புறங்கையைக் குடத்தில் வையுங்கள்.
முதலில் வலம்,
பிறகு இடம்.
இடம் கொஞ்சம் சுடும்.
கையை வைத்திருக்க முடிந்தால் போகலாம்.